யாரும் இரவல் வாங்காத புத்தகம்

இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது யாதெனில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஏழு மாவட்டங்களில் முப்பத்தொரு பொது நூலகங்களை ஒரு குடையின்கீழ் ஆளும் ஹாலோ கிரீக் நூலகக் கூட்டமைப்பின் வாராந்திர மடல், தன் இருநூறாவது இதழை எட்டிவிட்டது. இயக்குநர் டாக்டர் விண்டன் கிராஸ்லி அதில் அறிவுப் புரட்சியின் அடுத்த கட்டத்தை அறிவித்தார். மூன்று வருடம் யாரும் இரவல் வாங்காத புத்தகத்தைக் கணினி தானே சிவப்பாக்கிக் காட்டும். அதைக் கழித்துவிட வேண்டும். சரிபார்க்க அவரே வெள்ளிக்கிழமை நேரில் வருவார். அவ்வளவுதான் புரட்சி.

எங்கள் தொழிலில் இதற்குக் களையெடுப்பு என்று பெயர். சோளம் விளைகிற ஊருக்கு, எது களை எது பயிர் என்று மின்னஞ்சலில் பாடம் வந்தது.

மடலின் அடியில் தொழில்நுட்பக் குறிப்பு என்று ஒரு பெட்டி இருக்கும். பிரின்டர் மக்கர் செய்தால் அணைத்துவிட்டு மறுபடி போடவும் என்பதை அது இதுவரை பதினோரு விதமாகச் சொல்லியிருந்தது. ஆகவே யாரும் அவ்வளவு தூரம் கீழே இறங்குவதில்லை.

முந்நூற்று ஒன்பது பேர் வாழும் கார்லினில் நூலகர், உதவியாளர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் லவோன் குச்சேராதான். அவளுக்கு வந்த சிவப்புப் பட்டியலில் அறுபது புத்தகங்கள். ஐம்பத்தொன்பதைச் சந்தோஷமாகவே பெட்டியில் போட்டாள். அறுபதாவதில் கை நின்றது. சர்ச் மாதர் சங்கம் 1974-இல் போட்ட சமையல் புத்தகம். பத்தொன்பது வருடமாக ஒரு இரவல்கூட இல்லை.

ஆனால் அதன் நாற்பத்தாறாம் பக்கம் வெண்ணெய்க் கறையில் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பட்டையும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டிச் சுடும் ரோல் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்த ரோல் இல்லாவிட்டால் கார்லினில் யாரும் கரண்டியைத் தொட மாட்டார்கள். ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அது அவள் அம்மாவின் கைப்பக்குவம். புத்தகத்தை இரவல் வாங்கினால் பெயர் நூலக வாசலில் ஒட்டும் மாதப் பட்டியலில் ஏறும், அம்மாவின் மானம் போகும். நகல் எடுக்கலாம்தான், நகல் இயந்திரம் தெருவைப் பார்த்த ஜன்னலோரம் இருக்கிறது. எனவே அலமாரிக்குப் பின்னால் நின்று அளவுகளை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதுதான் லவோனின் இருபத்திரண்டு வருடச் சேவை. கதவைப் பூட்டிவிட்டு அவளும் அதே பக்கத்தைப் புரட்டுவாள்.

வெள்ளிக்கிழமைதான் ஊர் மண்டபத்தில் வருடாந்திரச் சில்லி விருந்தும். ஒரே ஒருவர் இரவல் வாங்கினால் சிவப்பு போய்விடும். தன் பெயரை எழுதிக்கொள்ள மனமில்லாத லவோன், நூலகக் குழுத் தலைவி பெர்னிட்டா ஹ்ரூஷ்காவுக்குப் போன் போட்டாள்.

"பெர்னிட்டா, சர்ச் சமையல் புத்தகத்த ஒரே ஒரு நாள் உன் பேர்ல எழுதிக்கறேன்."

"எனக்கெதுக்குடி அது? எங்கம்மா சுட்டதப் பாத்தே கத்துக்கிட்டவ நான்."

"போன செவ்வாக்கிழம அரை மணி நேரம் அங்கதான நின்ன."

"பஞ்சாங்கம் பாத்தேன். மழை உண்டான்னு."

"பஞ்சாங்கத்தோட நாப்பத்தாறாம் பக்கத்துலயா?"

போன் வைக்கப்பட்டது. இன்னும் ஆறு பேரிடம் கேட்டாள். ஆறு பேருக்கும் அம்மா இருந்திருக்கிறாள்.

புதன்கிழமை பிரின்டர் மக்கர் செய்தது. அணைத்துப் போட்டும் அசையவில்லை. வேறு வழியின்றி லவோன் மடலின் அடிவரை இறங்கினாள். அந்த வாரக் குறிப்பில் பிரின்டர் இல்லை. கணினியின் அமைப்புகளில் ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டால், புத்தகம் திரும்பிய உடனே வாங்கியவர் பெயர் அழிந்துவிடும், எண்ணிக்கை மட்டும் நிற்கும், மாதப் பட்டியலிலும் பெயர் வராது என்று இருந்தது. இரண்டு முறை படித்தாள். டிக் போட்டாள். மறுபடி பெர்னிட்டாவை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

பெர்னிட்டா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளைக்கு எத்தன மணிக்குத் தொறப்ப?"

பெர்னிட்டாவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. வியாழக்கிழமை காலை வாசலில் வரிசை. ஒருத்தி புத்தகத்தைக் காருக்குக் கொண்டுபோய், அளவுகளை எழுதிக்கொண்டு, பத்து நிமிடத்தில் திருப்பித் தருவாள், அடுத்தவள் வாங்குவாள். ஒருவரையொருவர் பார்த்ததும், பக்கத்து வீட்டுக்காரிக்காக வந்ததாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரி பின்னால்தான் நின்றாள். கடைசியில், கைத்தடியோடு வந்த எண்பத்தெட்டு வயது ஒட்டிலியா வரிசையை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"ஏண்டி, உங்க அத்தன பேருக்கும் ஒரே அம்மாவா?"

முதலில் சிரித்தது பெர்னிட்டாதான். பிறகு அந்தச் சிரிப்பு நடைபாதை முழுக்க ஓடியது. எதிரே தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் என்ன விஷயமென்று வெளியே வந்து, விஷயம் தெரியாமலே சிரித்துவிட்டுப் போனார். மாலைக்குள் இருபத்தேழு இரவல்.

வெள்ளிக்கிழமை வந்த டாக்டர் கிராஸ்லி, கூட்டமைப்பிலேயே அந்த வாரம் அதிகம் இரவல் போன புத்தகம் கார்லினில் இருப்பதைத் திரையில் கண்டு, தன் மென்பொருள் வாசிப்புப் பழக்கத்தையே மாற்றிவிட்டதாகச் சொல்லி லவோனின் கையைக் குலுக்கினார். விருந்திலும் அதையே பேசினார், வாயில் ரோல் இல்லாத நேரங்களில். ஐந்து சாப்பிட்டார். யார் பக்குவம் என்று அவர் கேட்டபோது, மண்டபமே சேர்ந்து நாற்பத்தாறாம் பக்கம் என்றது.

கிளம்புமுன் அந்தப் புத்தகத்தைத் தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டார்.

மடலின் இருநூற்றொன்றாவது இதழில் "கார்லின் அதிசயம்" என்று அரைப்பக்கக் கட்டுரை வந்தது. அந்தப் புத்தகத்தின் பதிவில் இப்போது ஒரே ஒரு பெயர்தான் நிற்கிறது. திருப்பித் தர வேண்டிய கெடு முடிந்து ஏழு வாரம் ஆகிறது.