எட்டுப் பேரும் லுயென்

குய்ஞோன் நகரில் பழைய பிளாஸ்டிக் சேகரிக்கும் பெண்கள் வெயிலுக்கு முகம் காட்டுவதில்லை. தலையில் கூம்புத் தொப்பி, அதன் கீழே கண் மட்டும் தெரியும் பூப்போட்ட முகமூடி. முகம் கறுத்துப்போனால் யார் பொறுப்பு? மாதர் சங்கம் புதிய செயலி ஒன்றைக் கொடுத்து, பதிவுக்கு ஆளுக்கொரு படம் எடுக்கச் சொன்னது. உச்சி வெயிலில் சந்தை வாசலில் நின்ற எட்டுப் பேரும் முகமூடியோடே அழகாகச் சிரித்தார்கள்.

எட்டுப் படத்திலும் இருப்பது ஒரே ஆள் என்று செயலி முடிவுகட்டியது. ஏழு கணக்குகளை மூடிவிட்டது. தப்பியது லுயெனுடையது மட்டும்.

வீட்டில் காலி பாட்டில்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் செயலியைத் தட்டினால் பக்கத்திலிருக்கும் பெண்ணுக்கு அழைப்பு போகும் என்பது ஏற்பாடு. இப்போது ஊரே லுயெனை அழைத்தது. சங்கத்தில் கேட்டால், "சரிபண்ணச் சொல்லியிருக்கோம், பொறுங்க" என்றார்கள். லுயென் பொறுக்கவில்லை. அழைப்புகளைத் தோழிகளுக்குப் பங்கிட்டாள்.

"யாருன்னு கேட்டா என்னடி சொல்ல?" என்றாள் அவர்களில் ஒருத்தியான கூக்.

"லுயென்னு சொல்லு. முகத்தை யாரு பார்க்கப்போறா?"

யாரும் பார்க்கவில்லை. "லுயென் காற்றாய்ப் பறக்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு தெருவில் கண்டேன்" என்று ஒருவர் செயலியில் ஐந்து நட்சத்திரம் போட்டார்.

காபிக்கடை காங் அழைத்தபோது லுயென் மூட்டைகளோடு ஊரின் மறுகோடியில் இருந்தாள். மனைவியை இழந்தவர் காங். லுயெனுக்காகப் பிளாஸ்டிக் கோப்பைகளைக் கழுவித் துடைத்து, அளவுவாரியாக அடுக்கி வைப்பார். குப்பையை இவ்வளவு மரியாதையோடு கொடுக்கும் ஆணை அவள் கண்டதில்லை. ஏதாவது சொல்வாரா என்று மழைக்காலத்திலிருந்து காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் கூக்கை அனுப்பினாள்.

கூக் திரும்பி வந்தபோது சிரிப்பில் அவள் தோள்கள் குலுங்கின.

"அடியே, உன் காபிக்காரர் கேட்டுட்டாருடி!"

"என்னத்தை?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு."

லுயெனின் சைக்கிள் கைநழுவி விழுந்தது. "நீ என்னடி சொன்ன?"

"சரின்னுட்டேன். மாட்டேன்னா நட்சத்திரத்தைக் குறைச்சுட்டா?"

"பாவி! உனக்குப் புருஷன் இருக்கானேடி!"

"எனக்கு இருக்கான். லுயெனுக்கு இல்லையே. நான் லுயெனாத்தானே போனேன்?"

லுயென் மூட்டைகளை அங்கேயே போட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தாள். கடையில் காங் அக்கம்பக்கத்தாருக்கு இலவசமாகக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க காங், சித்த முன்ன வந்தது நான் இல்ல."

"விளையாடாதீங்க. இதே தொப்பி, இதே பூ."

அவள் முகமூடியைக் கழற்றினாள். காங் ஓரடி பின்வாங்கினார்.

"யாருங்க நீங்க?"

"லுயென்!"

"லுயென் மூக்கு இப்படி இருக்காதே."

"நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"நானா நினைச்சு வெச்சிருந்தேன்" என்றார். அவர் காது சிவந்தது.

"மோசமா இருக்கா?"

"ஐயோ, நல்லாத்தான் இருக்கு. பழகணும்."

அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். காங் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"அப்ப, சரின்னு சொன்னது?"

"அது கூக். நட்சத்திரத்துக்காகச் சொன்னா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் அடுக்கிவைத்த கோப்பைகளை லுயென் பார்த்தாள். "நான் எனக்காகச் சொல்றேன். சரி."

காங் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க. அதையே ஒரு தடவை முகமூடி போட்டுக்கிட்டுச் சொல்லுங்களேன். அப்பத்தான் எனக்கு நம்பிக்கை வரும்."

லுயென் போட்டுக்கொண்டு சொன்னாள்.