ஐம்பத்தொன்பதாவது மேடை

அடையாறு காந்தி நகரில் இருக்கும் நேர்கோடு டிசைன் கன்சல்டன்ட்ஸ் கம்பெனியில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஊருக்காக என்று ஒதுக்கியிருந்தார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் பச்சை டி-ஷர்ட். முதுகில் 'ஊரும் நாமும்' என்று எழுதியிருக்கும். ஒரு மாதம் கடற்கரையில் குப்பை பொறுக்குவார்கள், இன்னொரு மாதம் ஏதாவது பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள். பொறுக்குகிற நேரத்தைவிடப் பொறுக்குவதைப் படம் எடுக்கிற நேரம் அதிகம். சூர்யாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டான். நொச்சிக்குப்பத்திலிருந்து டிப்ளமோ முடித்து அந்த ஆபீசில் வரைபடம் போட உட்கார்ந்த ஒரே ஆள் அவன்தான். இருக்கிற நாற்காலியை ஆட்டிப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை.

கண் முகாம் அவனுடைய யோசனை. அவன் அம்மா தேசம்மா கடற்கரைச் சாலையோரம் மீன் விற்கிறாள். பார்வை மங்கி, வஞ்சிரத்தை நறுக்கும்போது கட்டைவிரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள். அவளைப் போலவே அந்த வரிசையில் முக்கால்வாசிப் பேர். ஊர்ப்பணிகளைக் கவனிக்கிற ஸ்ரீரஞ்சனி மேடத்திடம் சொன்னான். அவளுக்கு ஒரே சந்தோஷம். எந்த நாள் வைக்கலாம் என்று அவனையே கேட்டாள். சனிக்கிழமை என்றான். சனிக்கிழமை பாதி ஊர் மீன் தொடாது, வியாபாரம் மந்தமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்களைக் கடவுளே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

கூப்பிட்டதும் அவன்தான். ஒவ்வொரு கூடையாகப் போய், கடையை மூடிவிட்டு வாங்கம்மா, ரெண்டு மணி நேரந்தான் என்று கெஞ்சினான். நாற்பத்து மூன்று பேர் எழுந்து வந்து மாதா கோவில் ஹாலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தேசம்மாவும் அவள் பக்கத்தில் கடை போடுகிற முத்தம்மாவும் ஒரே பெஞ்சில். இருபத்திரண்டு வருஷமாக ஒரே குடையை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருத்தி எழுந்து போனால் இன்னொருத்தி இரண்டு கூடையையும் விற்பாள்.

இதே கம்பெனிக்கு அதே சாலையில் இன்னொரு வேலையும் இருந்தது. ரோட்டோரம் விற்கிறவர்களைக் கொண்டுபோய் உட்கார வைக்க மாநகராட்சி கட்டப்போகிற ஒரு மீன் அங்காடி. ஆளுக்கு ஒரு மேடை, மேடைக்கு ஒரு குழாய். எத்தனை மேடை என்று தெரிய, விற்கிறவர்களை எண்ணியாக வேண்டும். ஆபீசின் தலைவர் பத்ரிநாராயணன் சிக்கனக்காரர். முகாமுக்காகச் சனிக்கிழமை வேன் எப்படியும் அந்தப் பக்கம் போகிறது, எண்ணுகிற ஆளும் அதிலேயே போகட்டும் என்று சொல்லிவிட்டார். போனவன் சாய்சரண். மயிலாப்பூர் பையன், வீட்டில் மீன் வாசனையே கிடையாது. சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மீன்கடையில் என்ன வித்தியாசம் என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை வெயிலில் நடந்து, உட்கார்ந்திருந்தவர்களிடம் பேரும் போட்டோவும் வாங்கிக்கொண்டான். ஐம்பத்தெட்டு பேர். வேலையை ஒழுங்காகத்தான் செய்தான் பாவம். மீதி நாற்பத்து மூன்று பேரும் அப்போது ஹாலில் மோவாயை மெஷினில் வைத்து எழுத்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வரைபட வேலை சூர்யாவின் மேசைக்கு வந்தது. மேடைகள் ஐம்பத்தெட்டு. கணக்கெடுத்த தேதியைப் பார்த்தான். கண் முகாம் நடந்த அதே சனிக்கிழமை. நேரே பத்ரிநாராயணனின் அறைக்குப் போய், விட்டுப்போன நாற்பத்து மூன்று பேரையும் சேர்க்க வேண்டும் என்றான்.

நடந்ததையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் எதிர்த்து நிற்கவாவது தோன்றியிருக்கும். அறிக்கை கொடுத்தாகிவிட்டது, அதை வைத்து அங்காடிக்கு ஒப்புதலும் வந்துவிட்டது, இப்போது போய் எண்ணினதே தப்பு என்றால் அடுத்த வேலைக்கு நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று விளக்கினார். சூர்யா நகராமல் நின்றான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்க பாருப்பா. ஒண்ணு விட்டுப்போச்சுன்னா யாரும் கேக்கமாட்டா. நாப்பத்து மூணுன்னா கேப்பா. உங்கம்மா பேரை மட்டும் சேர்த்துடு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடர்ந்தார்.

"இன்னொண்ணும் யோசிச்சுக்கோ. அன்னிக்கு அவாளை எல்லாம் எழுப்பிண்டு போனது நீ. வெளியில தெரிஞ்சா யாரைத் திட்டுவா?"

அந்த இடத்தில் அவன் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஐஸ் அறைக்குப் பக்கத்தில் நடைபாதையை இரண்டடி குறைத்தால் ஒரு மேடை நுழையும். அவனே நுழைத்தான். தன் போனில் இருந்த அம்மாவின் போட்டோவை எடுத்து, படிவத்தையும் அவனே நிரப்பினான். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவனுக்கு வெட்கமாக இருந்தது.

தி.நகரில் ஒரு ஹாலில் கம்பெனி ஆண்டுவிழா நடந்தது. அந்த வருஷத்தின் சிறந்த ஊர்ப்பணிக்கான கேடயம் கண் முகாமுக்கு. ஸ்ரீரஞ்சனி மேடை ஏறி, சூர்யா இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது என்றாள். உண்மைதான். அவன் இல்லாவிட்டால் எதுவுமே நடந்திருக்காது. கேடயத்தைக் கையில் வாங்கியபோது கைதட்டினவர்களில் சாய்சரண்தான் பலமாகத் தட்டினான்.

அடுத்த வாரம் குப்பத்து ஊர் மன்றச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். பேர் இருக்கிறவர்களுக்கு மேடை, இல்லாதவர்கள் இனி ரோட்டில் உட்காரக் கூடாது. பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்கள். கம்பெனி கொடுத்த கண்ணாடி நல்ல கண்ணாடி, குறை சொல்ல முடியாது. பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிந்தது. முகாமுக்குப் போன நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்திரண்டு பேர் இல்லை. கடைசியில், ஐம்பத்தொன்பதாவதாக, தேசம்மா.

சூர்யா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு விற்காத சங்கரா மீன் கூடையில் அப்படியே கிடந்தது. முத்தம்மா குடையை எடுத்துக்கொண்டு நாலு கடை தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாளாம். போகும்போது சண்டை போடவில்லை. ஒரே பெஞ்சிலதானே குந்திக்கினு இருந்தோம், உன்னை மட்டும் எப்படி எண்ணினாங்க என்று மட்டும் கேட்டாளாம்.

அவன் எதையும் மறைக்கவில்லை. வேன் போனது, தேதி, சார் சொன்னது, படிவம் நிரப்பியது, எல்லாவற்றையும் சொன்னான். உனக்காகத்தாம்மா பண்ணேன் என்றான். தேசம்மா கட்டைவிரல் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"மத்தவங்களுக்குக் கேட்டியா?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டாரு."

"எத்தினி தபா கேட்ட?"

"ஒரு தபா."

அவள் தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"அந்த மேடைய வேணான்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல நைனா. முட்டி போயிடுச்சி, போய்க் குந்தித்தான் ஆவணும். ஆனா இத்த உங்க ஆபீஸ்லயே திருப்பிக் குடுத்துடு. நாளைக்கும் நான் முத்தம்மா முன்னாடிதான் கூடையத் தூக்கினு போவணும். அவ மூஞ்சி எனக்குத் தெரிய வேணாம்."