கரி பிடித்த பிளக்குகள்

டாக்டரின் மோட்டார் கார் மறுபடியும் நடுத்தெருவில் இருமி, குலுங்கி, நின்றேவிட்டது. பிரசவ வலியில் துடிக்கும் ஒருத்தியைப் பார்க்க டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. ஓடுமுன் டிரைவரிடம், "இன்னொரு தரம் நின்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார்.

டிரைவர், எஞ்சினுக்குள் பொறி கிளப்பும் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். எல்லாவற்றின் முனையிலும் அட்டக்கரி. முந்தாநாள்தான் மாட்டிய புதுப் பிளக்குகள்! ஒன்றைத் துடைத்து, வயரோடு எஞ்சின்மேல் சாய்த்து வைத்து, வண்டியைக் கிளப்பும் முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றினார். நீலப் பொறி பளிச்சென்று தெறித்தது. பிளக்கில் குறையில்லை. அப்படியானால் யாரோ கை வைக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக் டிரைவரின் சொந்த மச்சினன்தான், மனைவியின் தம்பி. கார் நிற்கும் ஷெட்டின் சாவி ஒன்று அவனிடமும் உண்டு. "இந்த டிரைவர் வேலைக்கு நானும்தான் கேட்டேன், மாமா முந்திக்கிட்டாரு" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தவன். அந்தச் சிரிப்பு இப்போது டிரைவருக்கு முள்ளாகக் குத்தியது.

மறுநாள் மத்தியானம் வண்டியை உள்ளே விட்டு, பிளக்குகளைத் துடைத்து மாட்டினார். ஷெட் கதவின் குறுக்கே கருப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது நூல் அறுந்து கிடந்தது. பிளக்குகளில் மறுபடியும் கரி. ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்கு நடந்தார்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியாடா? எஞ்சினுக்குள்ள எண்ணெய் ஊத்துறது நீதானே?"

மச்சினன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிளக்கை வாங்கி விரலால் தேய்த்தான். கரி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"எண்ணெயா இருந்தா பிசுபிசுன்னு ஈரமா இருக்கும் மாமா. இது காஞ்ச கரி. சோக்கை இழுத்து வச்சு, பெட்ரோலை அதிகமா குடிக்க விட்டு, நின்ன எடத்துலயே வண்டியை ஓட விட்டிருக்காங்க."

இவ்வளவு துல்லியமாக இவனுக்கு எப்படித் தெரியும்? டிரைவரின் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"அப்ப நாளைக்கு மத்தியானம் என் கண்ணு முன்னாலயே இரு."

அடுத்த நாள் இருவரும் ஷெட்டுக்குப் பின்னால் காத்து உட்கார்ந்திருந்தார்கள். கதவு கிரீச்சிட்டது. டிரைவர் பலகை இடுக்கில் கண்ணை வைத்தார். உள்ளே வந்தது டாக்டரின் மனைவி! உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் உறுமியது. ஏறி உட்கார்ந்து, நின்ற வண்டியின் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

இருவரும் உள்ளே நுழைவதைக் கண்டதும் அவர் எஞ்சினை நிறுத்தினார். "கத்துக்கணும்னு ஆசை. கேட்டா அவர் விடமாட்டார். சோக்கைத் தள்ளினா நின்னுடுதேன்னு இழுத்தே வச்சிருந்தேன்."

"அந்தக் கரியால என் வேலையே போகப் பாக்குதும்மா."

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. சாயங்காலம் டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் முதலில் எரிந்து விழுந்தார். மனைவியின் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்ததும் குரல் இறங்கியது. டிரைவர் பக்கம் திரும்பி, "ஷெட்டுக்குள்ள வேண்டாம். வெளியே கூட்டிட்டுப் போய் ஒழுங்கா கத்துக் குடுங்க" என்றார்.

வேலை தப்பியது. டிரைவர் பட்டறைக்குப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டே, "தப்பா நெனச்சுட்டேன்டா" என்றார்.

"சரி மாமா, விடுங்க" என்றான் மச்சினன்.

ஆனால் அடுத்த முறை கார் பழுதுக்கு வந்தபோது, பானெட்டைத் தொடுமுன் அவன் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டான்: "அண்ணே, கொஞ்சம் வந்து நில்லுங்க. எங்க மாமா வண்டி, சாட்சி வேணும்."

கடைக்காரர் சிரித்தார். மச்சினன் சிரிக்கவில்லை.