பக்கத்து இடத்தில் என் கர்ச்சீப்

போன மாதத்திலிருந்து நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். அதாவது என் கர்ச்சீப் போய்க்கொண்டிருக்கிறது. நான் நிறுத்தத்தில் நிற்கிறேன். ஊரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

நடந்தது இதுதான். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்பே இடம் போட்டுவிட வேண்டும் என்பதால் எல்லோரையும் போல நானும் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்போடு கையை விட்டேன். ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக இப்படி ஒரு ஆணின் கர்ச்சீப் வந்து விழுந்தால் பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அல்லது எழுந்து மகளிர் பக்கம் போய்விடுவார்கள். இவள் அதை என் கையிலிருந்து வாங்கினாள். பக்கத்து இடத்தில் விரித்தாள். சுருக்கத்தை நீவிவிட்டாள்.

நான் படிக்கட்டுக்கு ஓடினேன். அங்கே ஒரு கல்யாணக் கோஷ்டி தொங்கிக்கொண்டிருந்தது, மாப்பிள்ளை உட்பட. எனக்கு ஒரு விரல் வைக்கக்கூட கம்பி கிடைக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்காக யாரும் எதையும் நீவிவிட்டதில்லை. அந்த இடத்தில் அவள் பக்கத்தில் ஒரே ஒரு தடவை உட்கார வேண்டும். வேறு ஆசை எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அன்றைக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷனுக்குத் திரும்பினேன். என் அறையில் கூடத் தங்கியிருக்கும் நாகர்கோவில்காரன் ஜெபராஜ், என் கட்டிலில் ஈரத்துணியைக் காயப் போட்டிருந்தான்.

"அது என் கட்டில்டா."

"நீதான் பஸ்ல போயிட்டல்லா மக்ளே."

"நான் இங்க நிக்கிறேன் பாரு."

"நிக்கது இங்க. சரி. இடம் போட்டது எங்க?"

அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. துணி காயும்வரை சுவரில் சாய்ந்து நின்றேன். அது காயவே இல்லை.

காலையில் மெஸ்ஸுக்குப் போனேன். பரிமாறுகிற அண்ணன் எனக்கு இலை போட மறுத்துவிட்டார். "பஸ்ல போறவங்களுக்கு பார்சல்தான் தம்பி." பொட்டலத்தைக் கட்டிக் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஜன்னல் காற்று இருந்தது. சட்னி தனியாக வைத்திருந்தார்.

ஆபீசுக்கு போன் செய்தேன்.

"சார், வந்துட்டே இருக்கேன் சார்."

"தெரியும்பா. நீ பஸ்லதான இருக்க," என்றார் மேனேஜர்.

இதே வாக்கியத்தை மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்தபடி சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் அவர் நம்பியதில்லை. இந்த மாதம் முழுக்க நம்புகிறார். ஒழுங்காக வந்துகொண்டே இருப்பதற்காக எனக்குப் பாராட்டுகூடத் தெரிவித்தார்.

ஆகவே நான் நிறுத்தத்தில் குடியேறினேன். மேன்ஷனில் எதிர் அறையில் இருந்த தணிகாசலம் அங்கே எனக்கு முன்பே இருந்தார். அவர் காத்திருந்து காத்திருந்து நிறுத்தத்தின் கம்பமாகிவிட்டார். தலைக்கு மேல் தகரப் பலகை முளைத்திருந்தது. மற்றபடி பழைய ஆள்தான். பஸ் வருமா என்று யார் கேட்டாலும் "வரும்" என்பார். வேறு பேச்சு கிடையாது.

என் பஸ் தினமும் வந்தது. நிற்கவில்லை. அதன் நெற்றியில் ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'இப்போதுதான் போனது' என்று எழுதியிருந்தது. கண்டக்டர் நல்ல மனிதர். படியில் தொங்கியபடி எனக்குச் செய்தி சொல்லிவிட்டுப் போவார்.

"உன் ஆளு சோக்கா கீறாரு சார். மாசப் பாஸ் எடுத்துட்டாரு."

"பக்கத்துல அந்தப் பொண்ணு?"

"பேசினே வருது சார். பேருகூட சொல்லிச்சு."

"என்ன பேரு?"

பஸ் திரும்பிவிட்டது.

என் கர்ச்சீப்புக்கு அவள் பெயர் தெரியும். எனக்குத் தெரியாது. ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி வாங்கிய கர்ச்சீப். நீலக் கட்டம், ஓரத்தில் நூல் பிரிந்தது. மூக்கைத் துடைப்பதைத் தவிர வேறு உலகம் அறியாதது. இரண்டே வாரத்தில் என்னைவிட நன்றாகப் பிழைத்துக்கொண்டது. எனக்கு வயிறெரிந்தது. அதை ஏன் துவைத்துப் போட்டேன் என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் பஸ் வரும் நேரம் பார்த்துத் தணிகாசலம் தும்மினார். ஒற்றைத் தும்மல். டிரைவர் சகுனம் சரியில்லை என்று பிரேக் போட்டார். நான் ஏறிவிட்டேன்.

"உள்ள போ சார், உள்ள போ. நடுவுல காலியாத்தான் கீது," என்றார் கண்டக்டர்.

உள்ளே போனேன். பஸ் போகப் போக நீண்டது. நடுவில் ஒரு நீர்மோர்ப் பந்தல் வந்தது. அதைத் தாண்டி ஒரு சிக்னல் இருந்தது, சிவப்பு விழுந்ததால் கொஞ்ச நேரம் நின்றேன். இடப்பக்கம் அதே கல்யாணக் கோஷ்டி பந்தி போட்டிருந்தது. மாப்பிள்ளை இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவளைக் கண்டேன். ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்தில் என் கர்ச்சீப் இருந்தது. சுருக்கம் விழாமல், கொஞ்சம் சதை போட்டிருந்தது. நான் உட்காரப் போனேன்.

"ஆள் இருக்குங்க," என்றாள்.

அவ்வளவு மென்மையாக என்னை யாரும் விரட்டியதில்லை. இந்த இடத்தை இவள் இத்தனை நாளும் இப்படித்தான் காத்து வந்திருக்கிறாள், எனக்காக, எல்லோரிடமிருந்தும்.

"அந்த ஆள் நான்தாங்க."

"இல்லீங்க. அவரு ரொம்ப அமைதி."

"என் கர்ச்சீப்தான் அது."

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "நான் அவர் முகத்தப் பாத்ததில்ல. கைய மட்டும்தான் பாத்தேன்."

கையைக் காட்டினேன்.

"இது உள்ள இருக்கிற கை. அது எல்லார்கிட்டயும் இருக்கு. அவர் கை வெளியிலேர்ந்து வந்துச்சு."

பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றேன். பஸ் ஒரு வளைவில் ஆடியது. என் தோளில் பை சரிந்தது.

"நிக்கிறீங்களே, பையக் குடுங்க," என்றாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பையின் வாரை மடித்து ஓரமாகச் சொருகினாள். அதுவே எனக்குப் போதும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு போதாது என்று தெரிந்தது.

பஸ் நின்றது. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கினேன். வெளிப்பக்கமாக ஓடி அவள் ஜன்னலைக் கண்டுபிடித்தேன். கையை உள்ளே விட்டேன்.

அவள் என் விரல்களைப் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? இத்தன நாள் எங்க போனீங்க?"

"உங்க பேரு என்னங்க?"

"அவர்கிட்ட சொல்லியிருக்கேனே. ஏறி வாங்க. உக்காந்து கேட்டுக்கலாம்."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. அவள் விடவில்லை, நானும் விடவில்லை. கொஞ்ச தூரம் ஓடினேன். பஸ்ஸுக்கு அவசரம். முதலில் சுண்டுவிரல் நழுவியது, பிறகு மற்றவை. உள்ளே யாரோ உட்காரப் பார்த்திருக்க வேண்டும். "ஆள் இருக்குங்க" என்று அவள் சொல்வது கேட்டது. பஸ் திரும்பிவிட்டது.

அப்போதுதான் பை ஞாபகம் வந்தது. அதில் என் சீப்பு, டிபன் பாக்ஸ், அறைச்சாவி எல்லாம் இருக்கின்றன. ஆக, கர்ச்சீப் போய்விட்டது, பையும் போய்விட்டது. நாளைக்குச் செருப்பை ஜன்னல் வழியாக உள்ளே போடலாம் என்றிருக்கிறேன். அப்புறம் சட்டை. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

இப்போது தணிகாசலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வலது கையை ரோட்டின் பக்கம் நீட்டியே வைத்திருக்கிறேன். மடக்குவதில்லை. மடக்கிவிட்டால் அவளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும். நேற்று யாரோ ஒருவர் அதில் குடையை மாட்டிவிட்டு மறந்து போய்விட்டார். தலைக்கு மேல் லேசாக அரிக்கிறது.

பஸ் வருமா என்று இப்போதெல்லாம் என்னைத்தான் கேட்கிறார்கள்.

வரும் என்கிறேன்.