பூட்டிய அறையில் அம்மா

ட்ரெய்லர் நன்றாக இருந்தால்தான் படம் எடுக்கக் கல்லூரியில் கேமரா தருவார்கள். அதனால் சின்னவள் ஊரிலுள்ள ட்ரெய்லர்களையெல்லாம் கரைத்துக் குடித்தாள். எங்கே இசை ஏறுகிறது, எங்கே பெயர் விழுகிறது என்று பார்த்து, அதே மாதிரி தன் போனில் ஒன்றை எடுத்து வெட்டி ஒட்டி, துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் காட்டினாள்.

“சூப்பர்டி! பூட்டின ரூமுக்குள்ள நம்ம அம்மா! நான் எதிர்பார்க்கவே இல்ல.”

“படம் வந்தா பார்ப்பியா?”

“எதுக்கு? அதான் இப்பவே பார்த்துட்டேனே.”

சின்னவளுக்கு முகம் தொங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை. பார்த்த ட்ரெய்லர்களையே திரும்ப ஓட்டி, அவை எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கின்றன என்று மட்டும் கவனித்தாள். எல்லாமே ரகசியத்தைக் காட்டாமல், கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டன.

அவளுடைய ட்ரெய்லரிலோ கதவு திறந்து அம்மா தெரிந்தாள்; கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை நடிக்கவைத்த காட்சி அது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கினாள். இப்போது பூட்டில் சாவி திரும்பும் சத்தத்தோடு திரை இருண்டது.

பின்னால் நின்று பார்த்த அம்மா தோளில் ஒன்று போட்டாள்.

“சீவிச் சிங்காரிச்சு உக்காந்தேனேடி, என்னை எங்க காணோம்?”

“படத்துல வருவம்மா.”

“இன்னும் எடுக்காத படத்துலயா?”

“எடுப்பேன்” என்று சொல்லி, கல்லூரிக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.