கதவைப் பற்றி ஒரு வரி

துன்பத்தை வென்ற கதையைத் துன்பப்பட்டவர்களிடம் யாரும் கேட்பதில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து எழுதி, அவர்கள் கையில் திணிப்பார்கள். காஜா அக்கா கையில் திணித்தது, விழா மேடையில் அவள் படிக்க வேண்டிய நாலு பக்கம்.

சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். இருபது வருஷத்துக்கு முன் இதே தையல் கம்பெனியின் மூன்றாம் மாடி தீப்பிடித்துப் பதினோரு பேர் செத்தார்கள். ஒருத்தி அவள் தங்கை. வேலை நேரத்தில் யாரும் நழுவிவிடக் கூடாதென்று படிக்கட்டுக் கதவை வெளியே பூட்டியிருந்தார்கள். பிழைத்த பெண்கள் பத்தொன்பது நாள் மெஷினைத் தொடாமல் வாசலில் உட்கார்ந்து, கதவுகளின் தாழ்ப்பாளைக் கழற்ற வைத்தார்கள்.

அந்த நாலு பக்கத்தில் இதெல்லாம் இல்லை. பூகம்பத்தில் விழுந்து எழுந்த நகரங்கள் இருந்தன. போரில் சாம்பலாகித் துளிர்த்த தேசங்கள் இருந்தன. தங்கைக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள்: 'தோழிகளைக் காக்கத் தீக்குள் பாய்ந்த தியாகச் சுடர்.'

"தம்பி, அவ எங்கயும் பாயல. கதவு பூட்டியிருந்துச்சு. அத ஒரு வரி எழுதுங்க, படிக்கிறேன்" என்றாள் மேனேஜரிடம்.

"பழசக் கிளறி என்னக்கா ஆகப் போகுது?"

"இருபதாம் வருஷம்னு மேடை போட்டது நானா?"

"தியாகம்னா உங்க தங்கச்சிக்குத்தானே பெருமை."

"அவ பெருமையா கேட்டா? வெளிய வரணும்னுதான் கத்துனா."

பார்க்கலாம் என்றான். பார்த்த லட்சணம், விழாவன்று கொடுத்த புதுத்தாளிலும் சுடர் அப்படியே எரிந்தது.

மூன்றாம் மாடியிலேயே விழா. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, "நெருப்பில் நடந்தவனே வரலாறு படைக்கிறான்" என்று முழங்கினார். அவர் நடந்தது லிஃப்டிலிருந்து மேடை வரைக்கும்தான். பின்வரிசையில் ஒரு டெய்லர் நைசாக எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனாள். போன வேகத்தில் திரும்பி, காஜா அக்காவின் காதோரம் குனிந்தாள்.

"அக்கா, தாழ்ப்பாள் இல்லேன்னு வெளிய சங்கிலி சுத்திப் பூட்டியிருக்கானுங்க. போட்டோ எடுக்கறவரைக்கும் கூட்டம் கலையக் கூடாதாம். லிஃப்டையும் கீழ நிறுத்தியாச்சு."

நாய் வாலை இருபது வருஷம் நிமிர்த்திக் கட்டி வைத்தாலும் அது நாய் வால்தான்.

அடுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் முன் நின்று தாளை நாலாக மடித்தாள்.

"என் தங்கச்சி எப்படிச் செத்தான்னு இதுல தப்பா போட்டிருக்கு. சந்தேகம் இருக்கறவங்க எந்திரிச்சுப் போய் அந்தக் கதவத் தள்ளிப் பாருங்க."

முதலில் எழுந்து ஓடியவர் பேச்சாளர்தான். தோளால் இடித்தார், காலால் உதைத்தார், "யோவ் வாட்ச்மேன்!" என்று அலறினார். மேனேஜர் போன் போட்டான். சாவியோடு வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். வர ஏழு நிமிஷமாகும்.

"அக்கா, போதும், கீழ இறங்குங்க" என்று மேனேஜர் பல்லைக் கடித்தான்.

"இருப்பா. கதவு தெறக்கறவரைக்கும் நீயும் எங்க போகப் போற?"

தீப்பிடித்த அன்று செத்தவர்களில் யார் யார் எந்த மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். பதினோரு பேர்; நிதானமாகவே சொன்னாள்.