மடியில் பிள்ளையோடு

"உங்கண்ணனை என்னடி, வத்தலா போடப் போற?"

நாத்தனார் அம்மாக்கண்ணு ஒருநாள் வாசலில் நின்று மலர்க்கொடியை இப்படித்தான் கேட்டாள். மலர்க்கொடிக்குப் பதில் வரவில்லை. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். கேட்டவர் வீடு போய்ச் சேர்ந்து, கை கால் கழுவி, சோற்றில் கை வைத்த பிறகுதான் இவளுக்குப் பதில் வரும்.

கேள்வியிலும் ஒரு நியாயம் இருந்தது. வெங்காயம், சேமித்து வைக்கிற பட்டறையில் கூரைக்குக் கீழே குளுகுளுவென்று கிடக்க, அண்ணன் சாமிதுரை களத்து நடுவில் உச்சி வெயிலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான்.

ஒரு காலத்தில் குன்னத்துப் பக்கம் லாரிக்கு வெங்காய மூட்டை ஏற்றுகிறவர்களில் சாமிதுரைதான் முதல் ஆள். தங்கச்சிக்குக் கல்யாணம் முடியட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டான். அது முடிந்து, தனக்குப் பெண் பார்க்கலாம் என்றபோது முகம் வீங்கியது. கிட்னியில் கோளாறு என்றார்கள். பிறகு தொடையில் வலு போயிற்று. குந்தினால் எழ முடியாது. சுவரைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் யார் தோளையாவது பிடிக்க வேண்டும். மலர்க்கொடி தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள்.

"வெட்டவெளியில மட்டும் உக்காந்துடாதீங்க மச்சான்," என்பான் அவள் புருஷன் அய்யம்பெருமாள். "அப்புறம் உங்களை எழுப்ப அங்கயே ஒரு வூடு கட்டணும்."

"கட்டுறதுதான் கட்டுற, மாடி வூடா கட்டு மாப்ளே."

சிரிப்பெல்லாம் காதுகுத்துப் பேச்சு வரும்வரைதான். மலர்க்கொடியின் மகள் சிந்தாமணிக்குப் பங்குனியில் செட்டிகுளம் மலையடிவாரத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். குத்தியதும் அழுகிற பிள்ளையோடு மாமன் எழுந்து, பெற்றவள் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் அந்த வீட்டு முறை.

அம்மாக்கண்ணு கறாராகச் சொல்லிவிட்டாள். "எழுந்திருக்க முடியாதவன் மடி நம்ம புள்ளைக்கு வேணாம். உங்க சித்தப்பா மவன் தர்மன் இருக்கான்ல? அவனும் மாமன்தானே?"

"அவன் நல்லா உக்காருவான்," என்றான் சாமிதுரை. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

திருச்சிக்குப் போனார்கள். டாக்டர் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழச் சொன்னார். சாமிதுரை ஒரு சாண் எழும்பித் தொப்பென்று உட்கார்ந்தான். கிட்னி கெட்டதால் உடம்பில் வைட்டமின் டி குறைந்து, எலும்பும் தசையும் சோர்ந்துவிட்டன என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே அய்யம்பெருமாளுக்கு யோசனை பிறந்தது. வைட்டமின் டி வெயிலில் இருக்கிறது என்று ரேடியோவில் கேட்டிருக்கிறான். "மாத்திரையும் சூடு, வெயிலும் சூடு. ரெண்டு சூடு ஒரே உடம்புக்கு ஆவாது. வெயிலே போதும்." மலர்க்கொடிக்கும் அது சரியாகவே பட்டது. மாத்திரை சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பின்னால் போயிற்று. அண்ணன் களத்துக்குப் போனான்.

"மச்சான், புரண்டு படுங்க. இந்தப் பக்கம் காஞ்சிடுச்சு."

"காக்கா வந்தா வெரட்டு மாப்ளே."

காய்ந்ததுதான் மிச்சம். ஆள் கறுத்தான், நாக்கு வறண்டது. கால் அப்படியேதான் இருந்தது. அடுத்த தடவை போனபோது டாக்டர் அவன் நிறத்தைப் பார்த்து விசாரித்தார். அய்யம்பெருமாள் பெருமையாகவே சொன்னான். டாக்டருக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று மலர்க்கொடிக்குத் தெரியவில்லை.

"தண்ணிய அளந்து குடிக்கச் சொன்ன ஆளை வெயில்லயா போட்டீங்க? வெயில் குடுக்கிறது அரிசி மாதிரிங்க. அதைச் சோறாக்குற அடுப்பு கிட்னி. இவருக்கு அடுப்பே அணைஞ்சு கிடக்கு. மூட்டை மூட்டையா அரிசி கொட்டினா சோறாயிடுமா? நான் குடுத்த மாத்திரை வடிச்ச சோறு. அதைக் கொண்டுபோய் மாடத்துல வச்சிருக்கீங்க!"

கிட்னியை இது சரியாக்காது, காலுக்குக் கொஞ்சம் தெம்பு வரலாம், அவ்வளவுதான் என்றும் சொன்னார். அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும், தினமும் உட்கார்ந்து எழுந்து பழக வேண்டும்.

அன்றுமுதல் மாத்திரை மலர்க்கொடி பொறுப்பு. பழகும்போது அண்ணன் கை சுவரைத் தேடும். அதனால் அவளே ஒரு வேலை செய்தாள். துணியில் வெங்காயத்தைக் கட்டி, பிள்ளை மாதிரி அவன் மடியில் வைத்துவிட்டாள். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டால் சுவரை எப்படிப் பிடிப்பான்? அவன் தொப்பென்று விழும்போதெல்லாம் சிந்தாமணி கைதட்டினாள். கொஞ்சம் தேறினால் மூட்டையில் கொஞ்சம் வெங்காயம் கூடும்.

"என்ன மச்சான்," என்று அய்யம்பெருமாள் எட்டிப் பார்ப்பான். "எல்லா வெங்காயத்துக்கும் காது குத்தியாச்சா?"

தை போய் மாசியும் போயிற்று. சில நாள் எழுந்தான். சில நாள் எழவில்லை.

பங்குனியில் மலையடிவாரத்தில் பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருந்தது. தர்மன் கரைவேட்டியும் புதுச் சவரமுமாக முன்னாலேயே வந்து நின்றான். அம்மாக்கண்ணு மணையைப் போட்டாள். தரையோடு தரையான மணை. அதில் உட்கார்ந்தால் அண்ணன் எழ முடியாது.

அய்யம்பெருமாள் மணையைக் காலால் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்த முக்காலியைப் போட்டான். "தாய்மாமனைத் தரையில உக்கார வைக்கிறதா? மரியாதை வேணாமாக்கா?"

மரியாதை என்று வந்துவிட்டதால் அம்மாக்கண்ணுவால் மறுக்க முடியவில்லை. மலர்க்கொடி புருஷனைப் பார்த்தாள். அவன் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாமிதுரை முக்காலியில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். ஆசாரி காது குத்தினார். சிந்தாமணி ஊரைக் கூட்டினாள். சாமிதுரை அவளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எழும்பினான். பாதியில் முக்காலியிலேயே விழுந்தான்.

"தர்மா, வாடா," என்றாள் அம்மாக்கண்ணு.

"இருங்க," என்றான் சாமிதுரை. நெற்றி வியர்த்திருந்தது. "மூட்டையை எடுத்த எடுப்புல யாராச்சும் தூக்குவாங்களா? ஒரு ஆட்டு ஆட்டிட்டுத்தான் தூக்கணும்."

பிள்ளையோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தான். முன்னால் வந்தான். அந்த வேகத்திலேயே எழுந்துவிட்டான். வேட்டிக்குள் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. ஆனாலும் நின்றான். அழுகிற பிள்ளையை மலர்க்கொடி கையில் கொடுத்துவிட்டுத்தான் மாப்பிள்ளையின் தோளைத் தேடினான். தோள் பக்கத்திலேயே இருந்தது.

மலர்க்கொடிக்கு வாழ்நாளில் முதல்முறையாக, சொல்ல வேண்டிய நேரத்திலேயே பதில் வந்தது.

"வத்தல் எழுந்து நின்னுடுச்சு, பாருங்க அண்ணி."

அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள். சாமிதுரையின் முழங்காலைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, பொங்கல் பானை இருந்த பக்கம் நடந்து போனாள்.